மியூட்டில் இல்லை

"ஹலோ, நீங்க மியூட்ல இருக்கீங்க."

இந்த வாக்கியத்தை அவள் எத்தனை இன்டர்வியூவில் கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. சென்னைக்காரர்கள் தமிழில் சொன்னார்கள், பெங்களூர்க்காரர்கள் ஆங்கிலத்தில் சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் அவள் கீபோர்டிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "இல்ல சார், மியூட்ல இல்ல" என்பாள். பிறகு கையைத் திரும்பக் கீபோர்டில் வைப்பாள். உடனே வாய் மூடிக்கொள்ளும்.

இப்போது நானே சென்னையில் ஒரு கம்பெனிக்காக இன்டர்வியூ எடுக்கிறேன். கேள்வியைக் கொடுத்ததும் எதிரில் இருக்கிற பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் நான் காத்திருப்பேன். அந்த வாக்கியம் மட்டும் என் வாயில் வராது. கூட உட்கார்ந்திருப்பவர் யாராவது சொல்லிக்கொள்வார்கள்.

அவள் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுத வேண்டுமென்றால் அவளிடம் கேட்க வேண்டும். ஊர்ப்பட்ட பேச்சுப் பேசுகிற எனக்கு அதைக் கேட்க மட்டும் தைரியம் கிடையாது.

விருதுநகரில் ஒரு மகளிர் கல்லூரியில் இருவரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தோம். என் அத்தாவுக்கு, அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம், மிளகாய் வத்தல் வியாபாரம். கீழே குடோன், மேலே வீடு. எங்கள் வீட்டுக்கு வருகிற யாரும் மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் நாலு தும்மலாவது தும்மிவிடுவார்கள். அவள் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துக் கிராமம். அப்பா அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே தவறிவிட்டார். அம்மா ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்த்தார். மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் வெடிமருந்து, அதைக் காகிதக் குழாய்க்குள் அடைப்பதுதான் செலுத்துவது. காய்ச்சலுக்குச் சாப்பிடுவதை மாத்திரை என்றே சொல்லிவிடுவோம்.

முதல் வருஷம், முதல் வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, நீ எந்த ஊர் என்று கேட்டேன். பதில் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். சரியான தலைக்கனம் பிடித்தவள் என்று முடிவுகட்டி, கையோடு இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டேன். அவள் சாப்பிட்டு முடித்து, டிபன்பாக்ஸைக் கழுவி, துப்பட்டாவில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். "எந்த ஊருன்னு கேட்டீல்ல" என்று ஆரம்பித்து ஊர், தெரு, எந்த பஸ், அந்த பஸ் கண்டக்டருக்கு என்ன கிறுக்கு என்பது வரைக்கும் சொன்னாள். கண்டக்டர் மாதிரியே விசில் அடித்தும் காட்டினாள். எனக்கு மானமே போய்விட்டது. தலைக்கனம் என்று நான் சொல்லி வைத்த இருவரும் பக்கத்திலேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே அவளைப் பேச்சு வராதவள் என்று நினைத்துவிட வேண்டாம். கை சும்மா இருந்தால் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் மடியில் கையை வைத்துக்கொண்டு அவள் எங்கள் டிபார்ட்மென்ட் மேடங்களைப் போலப் பேசிக் காட்டினால் நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். பஸ் வந்துவிடும். அவள் பையைத் தூக்குவாள். கதை அந்தச் சொல்லோடு அறுந்துவிடும். மறுநாள் காலையில் வந்து, விட்ட சொல்லிலிருந்து தொடர்வாள். தலை பின்னும்போதும் அப்படித்தான், லேபில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் அப்படித்தான். கை அசைந்தால் வாய் பூட்டிக்கொள்ளும்.

மூன்றாம் வருஷம் எல்லோருக்கும் இன்டர்வியூப் பைத்தியம் பிடித்தது. கொரோனா முடிந்த கையோடு கம்பெனிகள் எல்லாம் ஆன்லைனிலேயே ஆள் எடுக்கத் தொடங்கியிருந்தன. விருதுநகரில் உட்கார்ந்துகொண்டே பெங்களூர் வேலைக்குப் பேசலாம் என்றால் விடுவோமா? ஒரு கம்பெனியில் இரண்டாவது அதிகச் சம்பளம் வாங்குவது யார் என்று டேபிளிலிருந்து எடுக்க ஒரு க்வெரி உண்டு, எல்லா இன்டர்வியூவிலும் கேட்பார்கள். வகுப்பில் மற்ற நாங்கள் எல்லோரும் அதை ஒரே விதமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். அவள் நாலு விதமாக எழுதுவாள். எந்த விதம் எப்போது மெதுவாகும் என்பதையும், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எங்களுக்குச் சொல்லித்தருவாள். எனக்குத் தெரிந்ததில் பாதி அவளிடம் தெரிந்துகொண்டதுதான்.

ஆனால் வேலை எனக்குக் கிடைத்தது.

ஒரே நாள், ஒரே கம்பெனி, ஒரே கேள்வி. என் விடை பாதி தப்பு. ஆனால் நான் வாயை மூடவே இல்லை. முதலில் இப்படி யோசிக்கிறேன் சார், லிஸ்ட் பெரிதாக இருந்தால் இது தாங்காது சார், அதனால் அப்படிப் போகிறேன் சார் என்று முக்கால் மணி நேரம் அளந்து தள்ளினேன். நீங்கள் யோசிக்கிற விதம் எனக்குப் பிடித்திருக்கிறது என்றார் எதிரிலிருந்தவர். என் வாய்தான் எனக்குச் சோறு போட்டது. அவள் பதினைந்து நிமிஷத்தில், ஒரு வார்த்தை பேசாமல், ஒரு பிழை இல்லாமல் எழுதி முடித்தாள். கம்யூனிகேஷன் போதவில்லை என்று அவளுக்கு மெயில் வந்தது. அதற்குப் பிறகு வந்த கம்பெனிக்காரர்களும் வேறு வேறு வார்த்தைகளில் இதையேதான் சொன்னார்கள்.

அந்த மெயிலை அவள் அம்மாவுக்குப் படித்துக் காட்டியபோது நானும் அங்கே இருந்தேன். அதுதான் நான் அவர்கள் வீட்டுக்கு முதலில் போன நாள். கம்யூனிகேசன்னா என்ன என்று கேட்டார் அம்மா. பேச்சு என்றாள் இவள். "பேச்சுக்கா சம்பளம் தாறாக?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. சம்பளம் வாங்கப் போகிறவள் நானல்லவா?

அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். விரல் ரேகையெல்லாம் அலுமினியப் பொடி ஏறி வெள்ளியாக மின்னியது. எத்தனை சோப்புப் போட்டாலும் அது போகாதாம். என்னிடம் பேச வேண்டும் என்றால் பூண்டைத் தட்டில் போட்டுவிட்டுப் பேசினார். பேசி முடித்ததும் எடுத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மகள் எங்கே படித்த பாடம் இது என்று தெரிந்துபோனது.

கேட்காமல் இருக்க என்னால் முடியுமா? வேலை பார்க்கும்போது ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"கையி மருந்துல இருக்கையில வாய் பேசக் கூடாது தாயி," என்றார் அம்மா. "ஒரு ரூமுக்கு நாலு பேரு இருப்போம். நாலு பேரும் பேச மாட்டோம். பக்கத்து ரூம்ல ஒருத்தி பேசிக்கிட்டே செலுத்துனா, மக சடங்குக்கு எடுத்த சேலையப் பத்தி. அவ பேசுனா. நான் பேசல. நான் இருக்கேன்."

அந்தப் பக்கத்து ரூம் வெடித்தது பேச்சால்தானா, வெயிலாலா, உராய்வாலா, யாருக்குத் தெரியும்? அம்மாவுக்குத் தெரிந்தது இதுதான். அதனால் மகளுக்கு மூன்று வயதிலிருந்தே அப்படிப் பழக்கியிருந்தார். கோலம் போட்டாலும் சரி, சிலேட்டில் எழுதினாலும் சரி, கையும் வாயும் ஒன்றாக ஓடினால் தலையில் ஒரு கொட்டு விழும். இப்படி வளர்ந்தவளைத்தான், யோசிப்பதை வெளியே சொல்லிக்கொண்டே கோட் எழுது என்று கம்பெனிக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவளை வாயாடியாக்கியே தீருவது என்று நான் இறங்கினேன். படிப்பு முடிந்திருந்தது, எனக்கு வேலையில் சேர இன்னும் மாதங்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் எங்கள் வீட்டுக்கு வருவாள். என் அம்மா சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து கொட்டுவார். உரித்துக்கொண்டே பேச வேண்டும், அதுதான் பயிற்சி. அவள் ஒன்றை உரிப்பாள், கையை நிறுத்துவாள், "உரிச்சிட்டேன்" என்பாள், அடுத்ததை எடுப்பாள். என் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடிவிடுவார். கீழே குடோனில் லோடு இறக்குகிறவர்கள்கூட என்ன சத்தம் என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

சில மாதங்களில் அவளாக ஒரு வழி கண்டுபிடித்தாள். மூன்று வரி எழுதுவாள், இரண்டு கையையும் மடியில் வைப்பாள், அந்த மூன்று வரிக்கும் காரணம் சொல்வாள், மறுபடி எழுதுவாள். ஸ்டாப்புக்கு ஸ்டாப் நின்று போகிற டவுன் பஸ் மாதிரி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கையை எடுக்காமல் பேசு என்று விரட்டினேன்.

"கையை எடுக்காம வாய் வராதுடி," என்றாள். "நானா பேசாம இருக்கேன்? அது எங்கயோ அடச்சுக்கிடுது."

எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. சோம்பலுக்குச் சொல்கிற சாக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு முன்னால் சீசன் வந்தது. கம்பெனிக்கு ஆர்டர் குவிந்திருந்ததால் அவளும் அம்மாவோடு வேலைக்குப் போனாள். நாலு பேர் ரூமில் அம்மாவுக்குப் பக்கத்து இடம். அப்போது என் வாய் ஒரு யோசனை சொன்னது. கை வேலைதானே, அங்கேயே பேசிப் பழகு, உதட்டுக்குள் பேசினால் யாருக்குக் கேட்கப்போகிறது என்றேன். மிளகாய் குடோனுக்கு மேலே, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னேன்.

அவள் செய்தும் பார்த்துவிட்டாள். குழாய்க்குள் மருந்தைப் போட்டுக்கொண்டே, லூப் இங்கே ஆரம்பிக்கிறது, இங்கே முடிகிறது என்று முணுமுணுத்திருக்கிறாள். இரண்டு வரி சொல்லியிருப்பாள், அம்மா எட்டி அவள் வாயைப் பொத்திவிட்டார். அடிக்கவில்லை, திட்டவில்லை, அங்கே பேசக் கூடாதே. பொத்தின கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாராம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து, மடியில் கையை வைத்துக்கொண்டு, அவள் எனக்கு இதைச் சொன்னாள்.

"உதடெல்லாம் பொடி ஒட்டிக்கிருச்சு. அது பரவால்லடி. வாயில வச்ச கை நிக்கவே இல்ல. வெடவெடன்னு ஆடுது. அப்பத்தான் தெரிஞ்சுது, அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துருச்சுன்னு."

மாதக்கணக்கில் அம்மா அதை மறைத்து வைத்திருந்தார். ஃபோர்மேன் அண்ணாச்சிக்கு மட்டும் ஏற்கெனவே தெரியும். நடுங்குகிற கையை மருந்து ரூமில் வைத்திருக்க முடியாது. தீபாவளி கழிந்ததும் அம்மா வெளியே வந்துவிட வேண்டும், அந்த இடத்தில் மகள் உட்காரலாம், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவர் பங்குக்கு அது உதவிதான். அந்தச் சம்பளத்தில் ஓடுகிற வீடு அது. வேலை கிடைத்தால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விடலாம். கிடைக்காவிட்டால் அம்மாவின் இடம் அவளுக்கு. பாக்கி இருந்தது ஒரே ஓர் இன்டர்வியூ.

"அந்த ரூமுக்கு நாலு வாசல் வச்சிருக்காக, ஆபத்துன்னா ஓடுறதுக்கு," என்றாள் அன்றைக்கு. "நாலுலயும் நான் வெளிய போற மாதிரித் தெரியலடி."



கடைசி இன்டர்வியூ ஒரு டேட்டா கம்பெனி. அவள் ஊரில் நெட்வொர்க் கிடைக்காது என்பதால் எங்கள் வீட்டில், என் லேப்டாப்பில், காலை பதினோரு மணிக்கு. நான் எல்லா ஏற்பாடும் செய்தேன். அத்தாவிடம் கெஞ்சி அன்றைக்கு லோடு இறக்குவதை மதியத்துக்குத் தள்ளிவைத்தேன். வத்தல் நெடி வராமல் ஜன்னலுக்குத் துணி அடைத்தேன். குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று என் அம்மாவுக்கு உத்தரவு போட்டேன். சத்தம் போடக்கூடிய எல்லாவற்றையும் யோசித்து அடக்கிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஆரம்பத்திலேயே கேமராவைச் சுற்றிக் காட்டச் சொன்னார்கள். அறையில் அவளைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. நான் வெளியே நின்றேன். அவள் காட்டினாள். முதல் பத்து நிமிஷம் கேள்வி பதில். கை மடியில் இருந்ததால் ஆங்கிலத்தில் அருவி மாதிரிக் கொட்டினாள். எதிரிலிருந்தவர் ஒரு தரம் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு கோட் எழுதச் சொன்னார். ஓர் அறைக்குள் ஆட்கள் வருகிற நேரமும் போகிற நேரமும் கொடுத்திருக்கிறோம், ஒரே சமயத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள் என்று கண்டுபிடியுங்கள் என்றார். நாலு பேர் ரூமில் எண்ணி உட்கார்ந்தவளைவிட வேறு யாருக்குத் தெரியும் இது? எனக்கு வெளியே நிற்க முடியவில்லை. சத்தமில்லாமல் உள்ளே போய், மேஜைக்கு எதிர்ப்பக்கம், லேப்டாப்புக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் லேப்டாப்பின் முதுகு தெரியும். அதற்கு மேலே அவள் முகம் தெரியும். கை தெரியாது.

கீபோர்டுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வாய் பூட்டியிருந்தது. அவள் கண் ஒரு தரம் என்மேல் பட்டுத் திரும்பியது. ஐந்து நிமிஷம் போயிருக்கும். "ஹலோ, நீங்க மியூட்ல இருக்கீங்களா?" என்றார். இல்லை சார் என்றாள். மறுபடி கீபோர்டு. இன்னும் மூன்று நிமிஷம். நீங்கள் என்ன யோசிக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரிந்தால் நன்றாக இருக்கும் என்றார் அவர், கொஞ்சம் சலிப்போடு. கீபோர்டுச் சத்தம் நின்றது. நான் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறக்கவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி. போச்சு, எல்லாம் போச்சு என்று தோன்றியது.

"பேசுடி," என்றேன்.

ரகசியமாகத்தான் சொன்னேன். ஆனால் அடைத்து வைத்த அறையில் வேறு ஒரு சத்தமும் இல்லை.

யார் அங்கே என்று கேட்டார் அவர். லேப்டாப்பைத் திருப்பிக் காட்ட முடியுமா என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் திருப்பினாள். நான் தரையில், துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு, திருடி மாதிரி உட்கார்ந்திருந்தேன். கத்தி ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் தோழி சார், விடை எதுவும் சொல்லித்தரவில்லை சார் என்று கெஞ்சியிருக்கலாம். என் வாய் எனக்கு வேண்டியிருந்த அந்த ஒரே நேரத்தில் அது திறக்கவில்லை. உங்கள் நேரத்துக்கு நன்றி என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

கோட் எழுதின பக்கம் மட்டும் திரையில் இன்னும் திறந்திருந்தது. வருகிற நேரங்களையும் போகிற நேரங்களையும் வரிசைப்படுத்தி, ஒருவர் வந்தால் ஒன்று கூட்டி, போனால் ஒன்று குறைத்து, சுத்தமாக எழுதி முடித்திருந்தாள். நான் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் பச்சை டிக். ஒரு பிழை இல்லை.

என் அம்மா நெய்ச்சோறு ஆக்கி வைத்திருந்தார், வேலை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில். அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். வழக்கம்போலப் பேசவில்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நெய்ச்சோறு நல்லா இருந்துச்சும்மா என்று என் அம்மாவிடம் சொன்னாள். படி இறங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"கையை எடுத்துட்டேன்டி," என்றாள். "மடியில வச்சுட்டேன். பேசத்தான் போனேன்."

மிளகாய் நெடிக்குத் தும்மாமல் அந்தப் படியில் இறங்கியவள் அவள் ஒருத்திதான். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

நான் சென்னைக்கு வந்து வேலையில் சேர்ந்து ஒரு மாதம் கழித்துத்தான் அவளுக்குப் போன் செய்ய எனக்குத் துணிச்சல் வந்தது. அதற்குள் அவள் அம்மாவின் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தாள். சொளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள் போல, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்திருந்தாள். சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. நான் கொட்டினேன். தப்பு என்னுடையது என்றேன். அந்தக் கம்பெனிக்கு மெயில் எழுதினேன், பதில் வரவில்லை என்றேன். என் கம்பெனியில் சொல்லிப் பார்க்கிறேன் என்றேன். தூக்கம் வரவில்லை என்றேன். அம்மா கை எப்படி இருக்கிறது என்றேன். கடைசியில், என்மேல் கோபமா என்று கேட்டேன்.

சொளகுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சரக், சரக், ஒரு தட்டு, மறுபடி சரக். நான் எவ்வளவோ பொறுத்துப் பார்த்தேன். அவளை எனக்குத் தெரியும், கை ஓய்ந்தால் பேசுவாள், அரிசி முடிகிறவரைக்கும் நான் சும்மா இருந்தால் போதும். எல்லாம் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஹலோ, மியூட்ல இருக்கியா?" என்று கேட்டுவிட்டேன்.

சொளகுச் சத்தம் நின்றது.

"இல்லடி," என்றாள். "மியூட்ல இல்ல."

பிறகு மறுபடியும் அரிசி புடைக்கிற சத்தம் கேட்கத் தொடங்கியது.